நான் முதல்ல சொன்ன சாட்சி தப்பு

சபையில எழுந்து நின்னு பேசுறதுக்கு எனக்கு எப்பவும் கூச்சம் கிடையாது. மைக் கையில கிடைச்சா இவ லேசுல விடமாட்டான்னு எங்க வீட்டுக்காரரே கேலி பண்ணுவாக. ஆனா இந்த ஒரு சாட்சியைச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. பாஸ்டர் ஐயா மூணு தடவை கேட்டாரு. ஒரு தடவை தொண்டை கட்டியிருக்குன்னேன். ஒரு தடவை தலைவலின்னேன். மூணாவது தடவை சபைக்கே போகல.

ஏன்னா இது என்னோட ரெண்டாவது சாட்சி. முதல் சாட்சியையும் இதே ஜனங்க முன்னாடிதான் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னீங்க. அது தப்பான சாட்சி. பொய் சொல்லணும்னு சொல்லல, தெரியாமச் சொன்னேன். தெரியாமச் சொன்னாலும் அதைக் கேட்டு நாலு வீட்டு ஆம்பளைங்க உடம்பு கெடப் பாத்துச்சு. அதனால இன்னைக்கு வெக்கத்தை விட்டுச் சொல்றேன். பொறுமையா கேளுங்க.

என் பேரு எஸ்தர். சின்னக்கானல் பக்கத்துல ஒரு ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறேன். லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீட்டுலதான் குடியிருப்பு. எங்க வீட்டுக்காரர் பேரு தவமணி. இருபது வருஷம் அதே தோட்டத்துல மருந்தடி வேலை பாத்தாக. ஒரே மக, கட்டிக் குடுத்துத் திருப்பூர்ல இருக்கா.

மருந்தடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஏலச்செடியில பூச்சி விழுகாம இருக்க ரவுண்டு ரவுண்டா மருந்து அடிப்பாங்க. ரோட்டோரத்துல டிரம்முல மருந்தைக் கலக்கி, மோட்டார் வச்சு ஓஸ் வழியாத் தள்ளுவாங்க. ஓஸைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் செடிக்குள்ள புகுந்து அடிக்கணும். ஏலச்செடி ஆளுக்கு மேல வளர்ந்து நிக்கும். அடிச்ச மருந்து இலையில பட்டு அடிக்கிறவர் தலையிலயே சொட்டும். மத்தியானத்துக்குள்ள ஆள் நனைஞ்சு போயிருவாரு.

அதுக்குக் குடுத்த பாதுகாப்பைக் கேட்டா சிரிப்பீங்க. சீசன் ஆரம்பத்துல ஒரு ஜோடி ரப்பர் கிளவுஸ். ரெண்டாவது வாரமே விரலிடுக்குல கிழிஞ்சிரும். பேப்பர் மாதிரி ஒரு மாஸ்க். ஈரம் பட்டா மூக்கோட ஒட்டிக்கிட்டு மூச்சு விட முடியாது. நல்ல பூட்ஸும் கண்ணாடியும் கெட்டியான கிளவுஸும் இல்லாம இல்ல, இருக்கு. ஸ்டோர்ல பூட்டி இருக்கும். ஆபீசருங்க பார்வையிட வர்ற அன்னைக்கு வெளிய வரும். போட்டோ எடுத்து முடிஞ்சதும் துடைச்சு உள்ள போயிரும். எங்க ஆளுக அதுக்குக் கல்யாண உடுப்புன்னு பேரு வச்சிருந்தாக.

அதனால எங்க லயத்துல ஒரு பழக்கம். மருந்தடிக்குப் போறவங்க காலையில கையிலயும் மூஞ்சியிலயும் கொஞ்சம் தேங்கெண்ணெய் தடவிட்டுப் போவாங்க. எண்ணெய் இருந்தா மருந்து ஒட்டாது, வழுக்கிப் போயிரும்னு பேச்சு. பலாப்பழம் அறுக்கையில பிசின் ஒட்டாம இருக்க எண்ணெய் தடவுறோமே, அதே நினைப்புதான். எரிச்சலும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும்.

பழக்கம் எனக்கு முன்னாடியே இருந்துச்சு. அதை விசுவாசமா ஆக்குனது நான்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல ஜெபக்கூட்டம் நடக்கும். ஒரு பாட்டில் தேங்கெண்ணெயை நடுவுல வச்சு பாஸ்டர் ஐயாகிட்ட ஜெபிக்கக் கேட்டேன். ஜெபிச்சுக் குடுத்தாரு. அந்த எண்ணெயை மருந்தடி இருக்குற காலையில எல்லாம் அவுகளுக்கு நானே தடவி விடுவேன். மத்தவங்க மாதிரி தொட்டுத் தடவுறது இல்ல. விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும், கழுத்து, காது மடல், முழங்காலுக்குக் கீழ, கால் விரலிடுக்கு வரைக்கும். ஒரு விரலுக்கு ஒரு ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே தடவுவேன். அவுக கண்ணை மூடிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பாக.

ஒருநாள் அவுக கிழிஞ்ச கிளவுஸைச் சைக்கிள் ட்யூப் துண்டை வச்சு ஒட்டிக்கிட்டு இருந்தாக. நான்தான் சொன்னேன், ஜெபிச்ச எண்ணெய் இருக்கிறப்ப இந்தப் பிஞ்ச ரப்பர் எதுக்குன்னு. அவுக சிரிச்சிட்டு அதை ஓரமாப் போட்டுட்டுப் போயிட்டாக. அப்புறம் அவுக கிளவுஸே போடல. நான் சொன்ன வார்த்தை இது. வேற யாரும் சொல்லல.

போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம். மழை விட்டு விட்டுப் பெஞ்சதுல ரவுண்டு தள்ளிப் போயிருச்சு. ரெண்டு நாள் வெயில் கண்டதும், நாலு நாள் வேலையை ரெண்டு நாளுல முடிக்கணும்னு சூப்பர்வைசர் நெருக்கினாரு. ரெண்டாவது நாள் காலையில ஓஸ் இணைப்பு பிச்சுக்கிட்டு, இடுப்புக்குக் கீழ மொத்தமும் மருந்து. வீட்டுக்கு வந்து துணி மாத்திட்டுப் போனா அரை நாள் போயிரும்னு அவுக அந்த ஈரத்தோடயே மத்தியானம் வரைக்கும் நின்னு அடிச்சிருக்காக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவுக வாசல்லயே உக்காந்துட்டாக. வேர்த்துக் கொட்டுது. வாயில எச்சி ஒழுகுது. வாந்தி. கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கிப் போச்சு. ஜீப் பிடிச்சுக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி மேல ஊசி போட்டாங்க. நான் வராந்தாவுல முழங்கால் போட்டுக் கதறினேன். மூணாவது நாள் அவுக எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டாக.

அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில நான் சாட்சி சொன்னேன். ஜெபிச்ச எண்ணெய் உடம்புல இருந்ததாலதான் விஷம் உள்ள இறங்கல, இல்லாட்டி நான் இன்னைக்குத் தாலி இழந்திருப்பேன்னு சொன்னேன். எத்தனை பேர் அழுதீங்க. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டு நடுவுல ஒரு பாட்டில் இல்ல, அஞ்சு பாட்டில் இருந்துச்சு. எனக்கு எவ்வளவு பெருமை. ஆண்டவர் என்னை எடுத்துப் பயன்படுத்துறாருன்னு நெனச்சேன்.

அவுக திரும்ப வேலைக்குப் போன ரெண்டு மூணு வாரத்துல ஆடுசதை இழுக்குதுன்னாக. பிறகு பாதத்துல எறும்பு ஊருதுன்னாக. ஒருநாள் ரெண்டு பேரும் ரேஷன் கடைக்கு நடந்து போறோம். அவுக காலுல ஒரு செருப்புதான் இருக்கு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா குனிஞ்சு பாக்காக. செருப்பு கழண்டது அவுகளுக்குத் தெரியல. திரும்பிப் பாத்தா வளைவுல கிடக்கு.

ஓணம் கழிஞ்சதும் பாதம் தூக்க முடியல. நடந்தா தரையில டப்பு டப்புன்னு அடிக்கும். வாசப்படி ஏறையில விழுந்தாக. அப்புறம் கையும் போச்சு. சட்டை பட்டன் போட முடியாது. சோத்தைப் பிசைஞ்சா விரல் வழியாக் கொட்டும். இருபது வருஷம் மலையில ஏறி இறங்குன மனுசன், கக்கூசுக்குப் போக என் தோளைப் பிடிச்சாக. பாதி ராத்திரியில காலு தீயில வச்ச மாதிரி எரியுதுன்னு அழுவாக. ஆனா நான் தொட்டா தெரியாது. எரியுற காலுக்குத் தொட்டது தெரியாம இருக்குமான்னு நான் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிச்சேன்.

ரெண்டு மூணு இடத்துல காட்டினோம். ஒருத்தர் சர்க்கரையா இருக்கும்னாரு, பாத்தா சர்க்கரை இல்ல. இன்னொருத்தர் கழுத்தெலும்புன்னாரு. சத்து மாத்திரை குடுத்தாங்க. யாரும் என்ன வேலைன்னு கேக்கல. நாங்களும் சொல்லல. மருந்து விஷயம் அன்னைக்கே ஆஸ்பத்திரியில முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருந்தோம்.

அப்பத்தான் லயத்துல பேச்சு கிளம்புச்சு, இது செய்வினைன்னு. நாங்க விசுவாசிங்க, அதையெல்லாம் நம்பக் கூடாதுன்னு வாய் சொல்லும். மனசு சொல்லாது. எங்களுக்கு மூணாவது வீடு பாக்கியம் மதினி. அவங்க வீட்டுக்காரர் செபஸ்தியானும் மருந்தடிதான், எண்ணெய் தடவிட்டுப் போறவருதான். அவங்க மாதா கோயிலுக்குப் போறவங்க. சொந்தம் இல்ல, ஆனா கல்யாணமாகி வந்த நாளுல இருந்து மதினி மதினின்னுதான் கூப்பிட்டுக்குவோம். ஆடி மாசத்துக்கு முன்னாடி தண்ணிக் குழாயில குடத்தை நகர்த்தினதுக்கு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. நான் பேசினது கொஞ்சமா நஞ்சமா. அவங்க கோவத்துல, உன் வீட்டுல கை கால் விளங்காமப் போகன்னு மண்ணை வாரித் தூத்துனாங்க.

போதாதா எனக்கு. வேலைக்காட்டுல பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், இது பாக்கியத்தோட வேலைன்னு. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். வேற ஜெபமே இல்ல. ஆண்டவரே, என் புருசனுக்கு இதைச் செஞ்சது யாருன்னு காட்டும். காட்டி அவுக காலைத் திருப்பித் தாரும். ரெண்டு மாசம் இதே ஜெபம். பச்சைத் தண்ணி பல்லுல படாமக் கேட்டேன்.

அவரு காட்டினாரு.

மக போன்ல அழுது சண்டை போட்டா. இனியும் சத்து மாத்திரை தின்னுக்கிட்டு இருக்காதீங்க, தேனிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போடிமெட்டு வழியா இறங்கித் தேனியில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு அம்மா டாக்டர். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். சின்னச் சுத்தியல் வச்சு முட்டியில தட்டிப் பாத்தாங்க. நரம்புல கரண்டு வச்சு டெஸ்ட் எடுத்தாங்க. அதுக்குப் பிறகு அவுகளைத் தள்ளுவண்டியில வெளிய உக்கார வச்சிட்டு என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன மருந்து, கையில என்ன போடுவாருன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. இத்தனை மாசத்துல முதல் ஆள் அவங்கதான் அதைக் கேட்டது.

நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன். கையில ஒண்ணும் போடமாட்டாக டாக்டரம்மா, நான் ஜெபிச்ச எண்ணெய் தடவி அனுப்புவேன், அதனாலதான் அன்னைக்கு உயிர் தப்புச்சுன்னேன். சபையில சொன்ன சாட்சி முழுசையும் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டு இருந்த பேனாவை வச்சிட்டாங்க.

மெதுவாத்தான் சொன்னாங்க. இந்த மருந்து எண்ணெயில கரையுற ஜாதி. எண்ணெய் பூசுன தோல்ல பட்டா வழுக்கிப் போகாது, ஒட்டிக்கிட்டு உள்ள இறங்கும். உள்ள போனது நரம்பைக் கெடுத்திருக்கு. அது அன்னைக்கே தெரியாது, சில வாரம் கழிச்சுத்தான் காட்டும்னாங்க. எண்ணெய் மட்டும் காரணம் இல்ல, இத்தனை வருஷமா கிளவுஸ் இல்லாம அடிச்சதும் அன்னைக்கு நனைஞ்ச துணியோட நின்னதும்தான் பெருசுன்னாங்க. கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, தப்பு உங்க மேல இல்ல. பாதுகாப்பு குடுக்காம வேலை வாங்குனவங்க மேல"ன்னாங்க.

நல்ல மனுசி. ஆனா என் காதுல விழுந்தது முதல்ல சொன்னது மட்டும்தான். யாருன்னு காட்டும்னு கேட்டேனே. என் கையைத்தானே காட்டிட்டாரு.

கையில பலம் கொஞ்சம் கொஞ்சமா வரலாம், பாதம் எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது, இனி அந்த மருந்துப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லி, காலுக்கு ஒரு பட்டையும் பயிற்சியும் குடுத்து அனுப்புனாங்க. பஸ்ஸுல மலையேறி வர்றப்ப, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு அவுக கேட்டாக. மருந்தாலதான் நரம்பு கெட்டிருக்காம்னு மட்டும் சொன்னேன். எண்ணெயைச் சொல்லல. வாய் வரல.

அதுக்குப் பிறகு எனக்கு ஜெபமே வரல. முழங்கால் போட்டா சண்டைதான் வருது. உம்ம பேரைச் சொல்லித்தானே தடவினேன், ஒரு விரலுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொன்னேனே, ஒரு தடவையாச்சும் என் கையைத் தட்டி விட்டிருக்கக் கூடாதான்னு கேட்டேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுச்சேலை கட்டிட்டுப் போய் வாயை மட்டும் அசைச்சிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்துச்சு, பாட்டிலுக வந்துச்சு, ஜெபிச்சாங்க, கொண்டு போனாங்க. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். என் மானம் போயிரும், பாஸ்டர் ஐயா பேரும் கெட்டுப் போயிரும், ஆண்டவரையே குறை சொல்றான்னு பேசுவாங்கன்னு பயம். நாலு வீட்டு ஆம்பளைங்க எண்ணெயைப் பூசிக்கிட்டு மருந்துக்குள்ள போயிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. இது முதல்ல செஞ்சதை விடப் பெரிய பாவம். முதல்ல தெரியாமச் செஞ்சேன்.

தை மாசம் ஒரு வியாழக்கிழமை. வேலை விட்டு வர்றேன். எனக்கு முன்னாடி செபஸ்தியான் அண்ணன் போறாரு. நடந்துக்கிட்டே இருந்தவர் செருப்பு கழண்டு விழுந்துச்சு. அவரு பாட்டுக்குப் போறாரு. அஞ்சாறு அடி போயிட்டாரு, ஒரு காலு வெறுங்காலுன்னு அவருக்குத் தெரியல.

அந்தச் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நேரா பாக்கியம் மதினி வீட்டு வாசல்ல போய் நின்னேன். ஆறு மாசமா அந்த வாசலைப் பாத்துத் துப்பாத குறையாப் போனவ நான். அவங்க சண்டைக்கா வந்தேன்னு கேட்டாங்க. நான் தரையில உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். எண்ணெய், டாக்டர் சொன்னது, நான் அவங்களைச் சூனியக்காரின்னு ஊரெல்லாம் சொன்னது. அண்ணனுக்கும் ஆரம்பிச்சிருக்கு, இப்பவே கூட்டிட்டுப் போங்கன்னு அந்தச் செருப்பை வச்சேன்.

மதினி அந்தச் செருப்பைக் கையில எடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "நீ சொன்னது எனக்குத் தெரியும் எஸ்தரு. அதை விட, நான் விட்ட சாபம்தான் பலிச்சிருச்சோன்னு தினமும் மாதா முன்னாடி அழுதுக்கிட்டு இருந்தேன். அந்த மனுசன் கீழ விழுற சத்தம் கேக்குறப்ப எல்லாம் என் நாக்கை அறுத்துக்கலாம் போல இருக்கும்."

மூணு வீடு தள்ளி, நான் அவங்களைச் சபிச்சு உபவாசம் இருக்க, அவங்க எங்களுக்காக அழுதிருக்காங்க. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். அடுத்த நாள் அதிகாலையிலயே செபஸ்தியான் அண்ணனைக் கூட்டிக்கிட்டு மதினி தேனிக்கு பஸ் ஏறிட்டாங்க.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவுக உள் ரூம்புல கட்டில்ல படுத்திருக்காக. நடுவுல ஒரு சேலைதான் திரை. பாட்டெல்லாம் முடிஞ்சு ஜெபக்குறிப்பு கேட்டப்ப நான் எழுந்தேன். அவுகளுக்கும் கேக்கும்னு தெரிஞ்சேதான் எழுந்தேன். மூஞ்சிக்கு நேராச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என் சாட்சி தப்பு, அந்தப் பாட்டிலை எல்லாம் தலைக்குத் தடவுங்க, தாளிக்க வச்சுக்குங்க, மருந்துக்குப் போற உடம்புல மட்டும் தடவாதீங்கன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் புருசன் காலை நான்தான் கெடுத்தேன்னும் சொன்னேன்.

பாஸ்டர் ஐயா எழுந்து பிரசங்கம் பண்ணுவாருன்னு நெனச்சேன். அவரு உக்காந்த இடத்துலயே கையெடுத்துக் கும்பிட்டாரு. ஜெபிச்சுக் குடுத்தது என் கை, என்னையும் மன்னிச்சிருங்கன்னாரு. அதுக்கு மேல அன்னைக்குக் கூட்டம் நடக்கல.

எல்லாரும் போன பிறகு திரையை விலக்கிட்டு உள்ள போனேன். அவுக மேல பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாக. கட்டிலோரம் நின்னேன். அடிச்சாலும் வாங்கிக்குவோம்னு நின்னேன், அடிக்கத்தான் கையில பலம் இல்லையே.

"நான் ஒருநாளாச்சும் வேண்டாம்னு சொன்னேனா?" அப்படின்னாக. "நம்ம பொழப்புல நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தது அந்த நேரம்தான். மத்த நேரம் எல்லாம் ஓட்டம். அதுக்காகவே மருந்தடி அன்னைக்குச் சீக்கிரம் எந்திரிப்பேன்."

நான் அவுக காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். நான் பிடிச்சது அவுகளுக்குத் தெரியல. அவுகளே சொன்னாக, நல்ல கிளவுஸை ஸ்டோர்ல பூட்டி வச்சவன் நிம்மதியாத் தூங்குறான், நீ எதுக்கு அழுகுறன்னு.

அதுக்குள்ள நான் சொன்னது லயம் முழுக்கப் பரவிருச்சு. திங்கக்கிழமை அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கணும். பாதுகாப்பு குடுக்காம ஓஸைத் தொடமாட்டோம்னு மருந்தடி ஆளுக பன்னெண்டு பேரும் மோட்டார் ஷெட்டு வாசல்ல உக்காந்துட்டாக. இஷ்டம் இல்லாதவன் வீட்டுக்குப் போகலாம், வேற ஆள் வரும்னு சூப்பர்வைசர் சொல்லி இருக்காரு. அதைக் கேட்டதும் ரெண்டு பேருக்கு மனசு ஆட ஆரம்பிச்சிருச்சு. சேதி லயத்துக்கு வந்துச்சு. அவுக என்னைக் கூப்பிட்டு, என்னை அங்க கொண்டு போன்னாக. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போனோம். நான் ஒரு காலு, பாக்கியம் மதினி ஒரு காலு, பாஸ்டர் ஐயா ஒரு காலு, எதிர்வீட்டுத் தம்பி ஒரு காலு. அந்த ஏத்தத்துல சேரைத் தூக்கினது எனக்கு இப்பவும் தோள்ல வலிக்குது.

மோட்டார் முன்னாடி சேரை வைக்கச் சொன்னாக. வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் கட்டச் சொன்னாக. சதையெல்லாம் வத்திப் போய், பாதம் ரெண்டும் சேருக்குக் கீழ தொங்குது. அதுக்குள்ள மேனேஜரும் வந்துட்டாரு. அவுக குரல் உசத்தல. "சார், இந்தக் காலைப் பாத்துட்டு மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னாக. மேனேஜர் காலைப் பாக்கல, வேற எங்கயோ பாத்தாரு. ஆனா மோட்டாரும் ஸ்டார்ட் ஆகல. மனசு ஆடின ரெண்டு பேரும் திரும்பி வந்து உக்காந்தாங்க.

மூணு நாள் ஆளுக அங்கயே உக்காந்தாக. மூணாவது நாள் சாயங்காலம் ஸ்டோர் திறந்துச்சு. பூட்ஸ், முழங்கை வரைக்கும் வர்ற கிளவுஸ், கண்ணாடி. நல்ல மாஸ்க் வர இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு, அதுக்கும் ஒரு சண்டை. துணி மாத்திக் குளிக்கிறதுக்கு ஷெட்டுப் பக்கத்துல ஒரு தண்ணிக் குழாய் வச்சாங்க.

செபஸ்தியான் அண்ணனுக்கு ஆரம்பத்துலயே பாத்ததால கால் நின்னுச்சு. கொஞ்சம் மதமதப்பு இருக்கு, மத்தபடி நல்லா நடக்காரு. மருந்தை விட்டுட்டுக் களை வெட்டப் போறாரு. பாட்டில் கொண்டு வந்த நாலு வீட்டு ஆம்பளைங்களும் போய்க் காட்டினாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்தோத்திரம்.

எங்க வீட்டு அவுகளுக்குக் கை வந்திருக்கு. முழுசா இல்ல. சட்டை பட்டனை அவுகளே போடுதாக, நாலு பட்டனுக்கு நாலு நிமிசம் ஆகும். தோட்டத்துல ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துல உக்கார்ந்து வேலை குடுத்திருக்காங்க. மத்தவங்க ரெண்டு மூட்டை பிரிக்கிறப்ப இவுக அரை மூட்டை. பாதம் வரல. பட்டை கட்டி, கம்பு ஊனி நடக்காக. எரிச்சல் இன்னும் இருக்கு. குணமாயிருச்சுன்னு நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை அவசரப்பட்டுச் சாட்சி சொன்னது போதும்.

அப்ப எதுக்கு நன்றின்னு கேப்பீங்க. நான் கேட்டேன், அவரு காட்டினாரு. நான் அடுத்தவ மேல கை நீட்டிக்கிட்டு இருந்தப்ப உண்மையைக் காட்டினாரு. அந்தச் செருப்பு என் கண் முன்னாடி விழுந்ததை நான் தற்செயல்னு சொல்லமாட்டேன். ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தா மதினி வீட்டுலயும் ஒரு கட்டில் போட்டிருக்கும். என் வாய் மாறியிருக்கு. இப்ப யாரைப் பத்தியும் ஒரு சொல்லு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு நாக்கு நடுங்குது. மதினியும் நானும் ஒரே குழாயில தண்ணி பிடிக்கோம், குடத்தை அவங்க முதல்ல வைக்கட்டும்னு நான் நிக்க, நான் வைக்கட்டும்னு அவங்க நிக்க, பின்னாடி நிக்கிறவங்க வையுறாங்க.

நான் கேட்டது என் புருசன் காலை. கிடைச்சது மத்தவங்க காலு. நல்ல மனசோட இருக்குற நாள்ல இது எவ்வளவு பெரிய பதில்னு தோணும். சில நாள் காலையில மத்த ஆம்பளைங்க பூட்ஸ் சத்தத்தோட எங்க வாசலைத் தாண்டிப் போறப்ப எனக்கு வயிறு எரியும். எரியுதுன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லிருவேன். அவரு கோவிச்சுக்கல.

அன்பான ஜனங்களே, ஜெபிங்க. பாதுகாப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு ஜெபிங்க. டாக்டர் கேக்குறப்ப என்ன வேலை செய்யுறோம்னு மறைக்காமச் சொல்லுங்க. உங்க வீட்டுக் கஷ்டத்துக்கு அடுத்த வீட்டைக் காரணம் சொல்றதுக்கு முன்னாடி என்னை நெனச்சுக்குங்க. உண்மையைக் காட்டும்னு தைரியமாக் கேளுங்க, அவரு நிச்சயம் காட்டுவாரு. தாங்குறதுக்கு ஆளும் குடுப்பாரு, எனக்கு மதினியைக் குடுத்தாரு.

இன்னைக்கும் காலையில முழங்கால் போட்டா, அவுக காலைத்தான் கேக்குறேன். நான் இன்னும் விடல. நீங்களும் என்கூடச் சேர்ந்து கேளுங்க. பேரு தவமணி.